ஆற்றலா, தேவையா? உதைபந்தாட்டக் குழுவமைப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

உதைபந்தாட்டக் குழுவுக்கு வீரரைத் தெரிவோர் முன் இரு வழிகள் உள. கிடைக்கக் கூடியவருள் ஆற்றலிற் சிறந்தவனைக் கொள்ளுதல் ஒன்று. குழுவில் எவ்விடம் வெறுமையாயுளதோ அவ்விடத்துக்கு ஏற்றவனைக் கொள்ளுதல் மற்றொன்று. ஊதியம் கொடுத்து வீரரை அமர்த்தும் கழகங்களுக்கு இது பெரும்பொருள் பற்றிய வினா. நம் கல்லூரி முதற் பிரிவுக்கும், குருநகர், நாவாந்துறை, இளவாலை முதலிய ஊர்களின் கழகங்களுக்கும் இதுவே ஒரு பருவத்தின் வெற்றி தோல்வி பற்றிய வினாவாகும். நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

ஸ்பானிய நாட்டின் றியல் மாட்றிட் கழகம் 2003ஆம் ஆண்டில் தன்னாட்டுச் சுற்றில் முதலிடம் பெற்றது. சிடான், பீகோ, றொனால்டோ ஆகிய பெருவீரர் ஏற்கெனவே அங்கிருந்தனர். அவ்வாண்டிலேயே டேவிட் பெக்கமும் சேர்க்கப்பட்டார். எதிரியின் பந்தை இடைமறித்துப் பறிக்கும் நடுவரிசையாளர் மக்கெலெலேயோ செல்சி கழகத்துக்கு விற்கப்பட்டார். அடுத்த பருவத்தில் மாட்றிட் நான்காம் இடத்துக்கு இறங்கியது. செல்சி 2005இல் இங்கிலாந்தின் முதலிடத்தை எய்தியது. தேவையை மறந்து ஆற்றலை மட்டும் குவித்ததன் பயன் இது.

இதற்கு மறுதலையான சான்று அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் உண்டு. 1984இல் போட்லாந்து கழகத்துக்கு இரண்டாவதாகத் தெரியும் உரிமை கிடைத்தது. மைக்கல் ஜோடனின் இடத்தில் ஆடத்தக்க டிறெக்ஸ்லரை முன்னாண்டிலேயே பெற்றிருந்த அக்கழகம், தனக்கு வேண்டியது உயரமான நடுவாட்டக்காரனே எனக் கருதி சாம் போவியைக் கொண்டது. காலிற்பட்ட காயங்கள் போவியைத் தளர்த்தின. சிக்காக்கோ கழகம் கொண்ட ஜோடனோ, அக்கழகம் ஆறு முறை வாகைசூடத் துணைநின்றார். அன்றைய தேவை கருதி நெடுநாள் நிதியை இழந்தமை இது.

நமக்கு அண்மையிலுள்ள சென்னையின் கழகத்தை இனி நோக்குவாம். 2017-18ஆம் பருவத்தில் இந்தியச் சுப்பர் லீக் ஆட்டங்களில், களத்தில் நிற்கும் பதினொருவருள் ஐவருக்கு மேற்பட்ட பிறநாட்டவர் இருத்தலாகாது என்பது விதி. சென்னையினுக்குக் கோலடிக்க மிசோரம் மாநிலத்து ஜெஜே இருந்தார். ஆதலின் மைல்சன் அல்வேசு, செரெனோ, கால்டெரோன் என்னும் பிறநாட்டவர் மூவர் பின்வரிசையைக் காத்தனர். 2018 மார்ச் 17இல் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் மூன்றுக்கு இரண்டு என வென்றது. அம்மூன்றுள் இரண்டு கோல்கள் பின்வரிசையாளரான மைல்சன் தலையாலடித்தவை. அடுத்த பருவத்தில் செரெனோவும் கால்டெரோனும் இல்லை. குழு பதினெட்டு ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. தோல்விக்குக் காரணங்கள் பலவாயினும், நீங்கியோர் இடத்தை நிரப்புதல் எத்துணை அரிதென்பது இதனாற் புலனாகும்.

இவற்றால் யாம் துணிவது யாது? வள்ளுவர் ஆளை ஆராய்ந்து தெளிதலுக்குத் தெரிந்து தெளிதல் எனவும், தெளிந்தவனைத் தக்க வினையில் அமர்த்துதற்குத் தெரிந்து வினையாடல் எனவும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். குழுவமைப்பிலும் இவை இரு வேறு செயல்களே. பல்லாண்டு ஆடவல்ல இளையோரைச் சேர்க்குங்கால் ஆற்றலை நோக்குக. வரும் ஆட்டத்துக்குப் பதினொருவரை நிறுத்துங்கால் தேவையை நோக்குக. இருவரது ஆற்றல் ஏறத்தாழ ஒத்ததாயின் தேவை தீர்ப்பளிக்கட்டும். வேற்றுமை பெரிதாயின் ஆற்றலைக் கைவிடற்க.

வீரரை விலைகொடுத்துப் பெறும் வழி கல்லூரிக்கு இல்லை. எனவே முன்வரிசையில் இடமில்லை என்று திறமையுள்ள மாணவனைத் திருப்பியனுப்பாது, அவனைப் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் பழக்குதல் பொறுப்பாசிரியர் கடனாகும். இடமில்லையென்று இன்று வீடுசெல்லும் சிறுவன், இடம் வெறுமையாகும் நாளில் மீண்டு வாரான்.