மரையாணியும் பற்சக்கரக் கணக்கும்

ஏரிகள் மலிந்த செங்கற்பட்டு மாவட்டத்திலும் நவரைப் பயிர் பெரிதும் கிணற்று நீரையே நம்பி நிற்கின்றது. கதிர் பால் பிடிக்கும் வேளையில் பம்புசெட் நின்றுவிட்டால் விளைச்சல் குன்றும். அதற்குக் காரணம் சில வேளைகளில் முறிந்துபோன ஒரு மரையாணியே.

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த ஓர் ஊரில் நாம் கண்டது இது. பம்பின் மரையாணி முறிந்ததும், விவசாயி அதன் பருமனை மட்டும் கூறி, லேத்துப் பட்டறையில் புதியது கடைந்து வாங்கினார். மூன்று சுற்றுக்கு மேல் அது ஏறவில்லை. வலிந்து முறுக்கியதில் பம்பின் உள்மரையும் சிதைந்தது.

காரணம் யாது? பழைய ஆணி 16 மில்லிமீட்டர் மெட்ரிக் வகை; புதியதோ 5/8 அங்குல விட்வொர்த் வகை. பருமன் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் முன்னதன் புரியிடை 2 மி.மீ.; பின்னதில் அங்குலத்துக்கு 11 புரிகள், அதாவது புரியிடை 2.31 மி.மீ. விட்வொர்த் அளவு 1841-இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது. நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை மேற்கொண்டது. எனினும் பழைய பம்புகளில் அங்குல மரைகள் இன்றும் உள்ளன.

கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டு ஒரு சுற்றுச் சுழலும்போது, உளி சரியாக ஒரு புரியிடைத் தூரம் நகர வேண்டும். உளியை நகர்த்துவது ‘லீடு ஸ்க்ரூ’ என்னும் நீண்ட திருகு. சுழலும் கதிரையும் இத்திருகையும் இணைப்பவை பற்சக்கரங்கள். வெட்டவேண்டிய புரியிடையை லீடு ஸ்க்ரூவின் புரியிடையால் வகுத்தால், கதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் திருகுப்பக்கச் சக்கரத்துக்கும் உரிய பல் விகிதம் கிடைக்கும். நடுவே மாட்டும் ஒற்றை இடைச்சக்கரம் இவ்விகிதத்தை மாற்றாது.

லீடு ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 புரி உடையது எனக் கொள்வோம். அதன் புரியிடை 6.35 மி.மீ. அங்குலத்துக்கு 11 புரி வெட்ட விகிதம் 4/11; 20 பல், 55 பல் சக்கரங்கள் பொருந்தும். 2 மி.மீ. புரி வெட்ட 40 பல், 127 பல் சக்கரங்கள் வேண்டும். ஐந்து அங்குலம் 127 மி.மீ. ஆதலின், அச்சக்கரமே இரு அளவுகளுக்கும் பாலமாகும். அதற்கு மாற்றாக 20, 63 பல் சக்கரங்களை மாட்டினால் பத்துப் புரிக்கு 0.16 மி.மீ. பிசகும், நீண்ட மரையில் நட்டு இறுகிவிடும். உளியின் முனைக்கோணமும் விட்வொர்த்துக்கு 55 பாகை, மெட்ரிக்குக்கு 60 பாகை எனத் தீட்டப்பெற வேண்டும்.

ஆகவே, விவசாயப் பெருமக்கள் முறிந்த ஆணியையும் அதன் நட்டையும் பட்டறைக்கு எடுத்துச் செல்க. பத்துப் புரியிடைகளை அளவுகோலால் அளந்து பத்தால் வகுத்துக் காண்க. ஆழமாக வெட்டுமுன் மெல்லிய கீறல் ஒன்று இட்டு, அதனை அளந்து பார்க்குமாறு கடைசல்காரரிடம் கேட்க. ஊராட்சி உறுப்பினர்கள் குடிநீர்ப் பம்புகளின் மரை அளவுகளைப் பதிவேட்டில் எழுதி, மோட்டார் அறையிலேயே வைத்திருத்தல் நலம். முறிந்த பின் தேடுவதினும், முன்பே அளந்து வைப்பது பயிரையும் பணத்தையும் காக்கும்.