கன்னத்தில் விழுந்த சொட்டு

என் செல்ல மருமகளுக்கு,

நேற்று போனில் நீ அலுத்துக்கொண்டது இன்னும் காதில் நிற்கிறது. "ஆறு வேளையும் விட்டாச்சு மாமா, டிக்கும் போட்டாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு?" ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகிறது. சொட்டு மருந்து வாரத்துக்கு ஒரு வேளை வீதம் குறைந்துகொண்டே வந்து, ஒன்றரை மாதம் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது பார்த்தேன். உன் ஒரு கையில் செல்போன், மறு கையில் மருந்து. ஆச்சி அண்ணாந்தாள், நீ நின்றபடியே பிழிந்தாய். சொட்டு இமையில் பட்டுக் கன்னத்தில் இறங்கிக் காதுவரை போனது. தாளில் டிக் விழுந்தது. ஆச்சி முந்தானையால் துடைத்துக்கொண்டு, "விழுந்திருச்சு, நீ போ தாயி" என்றாள். பொய். உன் படிப்பு கெடக் கூடாதே என்று சொன்ன பொய். (முந்தானையால் துடைப்பதும் ஆகாது. அதை அப்புறம் சொல்லிவைத்தேன்.)

நான் மட்டும் யோக்கியனா? தாத்தாவுக்கு ராத்திரியில் கால் பிடித்துவிடுவது என் வேலை. ரேடியோவில் கிரிக்கெட் என்றால் கை காலில் இருக்கும், காது ஸ்கோரில். "போதும்டா" என்பார். விட்டது சனி என்று ஓடுவேன். வலி போய்த்தான் சொல்கிறார் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடனுக்குச் செய்யாத ஒருவரைச் சொல்கிறேன். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைக் கேள்விப்பட்டிருப்பாய். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவர் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேலான கண் ஆபரேஷன்கள் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-இல், 11 படுக்கைகளோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 58 வயது. யாரும் ஏவாத வேலை அது. பென்ஷனை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் அன்பு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திராதே. பரீட்சை நேரத்தில், ராத்திரிச் சொட்டுக்கு, அதெல்லாம் ஊற்றெடுத்து வராது. முதலில் செல்போனை வைத்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவு. ஆச்சி பக்கத்தில் உட்கார். கீழ் இமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு குழி தெரியும்; அதில் ஒரு சொட்டு போதும். புட்டியின் நுனி கண்ணில் படக் கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி விட வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், உனக்கும் வேறு வேலை இல்லை. சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் என்ன படம் பார்த்தாள் என்று கேட்டுப்பார். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

டிக் போடும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே. வேளைக் கணக்கு எனக்கே குழம்புகிறது. தூரத்தில் உட்கார்ந்து புத்தி சொல்வது சுலபம் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. வாஸ்தவம்தான். சனிக்கிழமை வருகிறேன். அன்றைய ராத்திரிச் சொட்டை எனக்கு விட்டுவை.

அன்புடன்,
மாமா