வன்தட்டின் இணைப்பு முறைகள்

சங்கத்துக் கணினி பழுதுற்றால் வேறொன்று வாங்கிவிடலாம். ஆனால் அங்கத்தினரின் பங்குத் தொகையும் நூல் இருப்பும் கடன் பேரேடும் பழைய கணினியின் வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், அன்றோ இருக்கின்றன? அத்தட்டைப் புதிய கணினியில் பூட்ட இயலுமா என்பது அதன் இணைப்பு முறையைப் பொறுத்தது. ஆதலின் நிர்வாகக் குழுவினரேயன்றி அங்கத்தினர் யாவரும் இம்முறைகளைச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

பழைய முறை ஐ.டி.இ. எனப்படும். மேசைக் கணினித் தட்டில் இது 40 ஊசிகளுக்கான அகன்ற வாயாக இருக்கும். இதனை இணைப்பது தட்டையான கம்பி நாடா. (தறியில் ஓடும் நாடா அன்று, ரிப்பன் போன்றது.) ஒரே நாடாவில் இரண்டு தட்டுகளைப் பூட்டலாம். எனினும், எது முதன்மை, எது துணை என்பதை ஜம்பர் என்னும் சிறு துண்டினால் குறித்தல் வேண்டும். இக்குறி தவறியதால் தட்டு தென்படாதிருக்க, அது கெட்டதெனக் கருதி எறிந்துவிடுவோரும் உளர்.

2003-இல் சாட்டா முறை வந்தது. தகவலுக்கு 7 முனைகள், மின்சாரத்திற்கு 15 முனைகள். ஒரு வடத்திற்கு ஒரு தட்டு. முதல் தலைமுறையின் வேகம் நொடிக்குச் சுமார் 150 மெகாபைட். மூன்றாவதன் வேகம் 600. புதிய தலைமுறைத் தட்டு பழைய வாயிலும் பெரும்பாலும் இயங்கும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததன் அளவிலேயே நிற்கும். இதனைப் பாராட்டத்தக்க ஏற்பாடு என்றே சொல்லுவேன்.

ஐ.டி.இ. தட்டு சாட்டா வாயில் நேரே பொருந்தாது, யு.எஸ்.பி. மாற்றி கொண்டு படிக்கலாம். 3.5 அங்குலத் தட்டிற்கு 12 வோல்ட்டு மின்சாரமும் வேண்டுமாதலால், தனி மின்வழங்கியுடன் கூடிய மாற்றியையே வாங்குதல் வேண்டும்.

சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்ட எஸ்.ஏ.எஸ். தட்டுகள் சில வேளை மலிவாகக் கிடைக்கும். பார்வைக்குச் சாட்டா போன்றவையே. ஆயின் இரு வாய்களின் நடுவே உள்ள இடைவெளி அடைபட்டிருக்கும். சாட்டா தட்டை எஸ்.ஏ.எஸ். வாயில் பூட்டலாம், எஸ்.ஏ.எஸ். தட்டைச் சாட்டா வாயில் பூட்ட இயலாது. மலிவு கண்டு வாங்கியது பெட்டியிலேயே கிடக்குமாயின், முடங்குவது அங்கத்தினர் பணம்.

எல்லாவற்றினும் மயக்கம் தருவது எம்.2 என்னும் சிறு பலகை. இவ்வொரே வடிவில் சாட்டா வகையும் உண்டு. 2011-இல் வெளியான என்.வி.எம்.இ. முறையைச் சார்ந்த, அதனினும் வேகமான வகையும் உண்டு. சாட்டாவை மட்டும் ஏற்கும் வாயில் என்.வி.எம்.இ. பலகை சில வேளை பொருந்தி உட்காரும். கணினியோ அதனை அறியாது. விளிம்பிலுள்ள வெட்டுகளை மட்டும் எண்ணி முடிவு செய்தல் ஆகாது. பலகையின் சீட்டையும் கணினியின் கையேட்டையும் ஒப்பிட்டே வாங்குதல் வேண்டும்.

விலைப்புள்ளி கோருகையில் “வன்தட்டு ஒன்று” என எழுதுவது போதாது. இணைப்பு முறை, அங்குல அளவு, கொள்ளளவு மூன்றையும் குறித்து, பொருந்தாவிடில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமென்ற நிபந்தனையையும் சேர்த்திடுக. பழைய கணினியைக் கழிக்குமுன், நகலெடுத்த கணக்குகளைப் புதியதில் திறந்து, சென்ற தணிக்கையின் ஐந்தொகையோடு மொத்தங்கள் ஒத்துள்ளனவா எனக் காரியதரிசி சரிபார்த்துக் கையொப்பமிடுதல் வேண்டும்.