இன்ஜின் நின்னு போச்சா? முதல்ல டேங்க் மூடியைப் பாருங்க



2022 நவம்பர் 12-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியதை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுத்த நாட்களில், வடிகாலில் தண்ணி இறங்கினதும், முங்கிக் கிடந்த சம்பாப் பயிரைக் காப்பாற்ற எங்க குழுவின் சின்ன பெட்ரோல் இன்ஜினை வயலுக்குத் தூக்கிப் போனோம். பத்து நிமிஷம் ஓடும், நின்னுடும். ஆற விட்டு இழுத்தா மறுபடி ஓடும். பார்த்தவர் "கார்புரேட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார். கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் இருக்கும் சின்னத் துளையில் சேறு! காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று சத்தம் வந்தது, இன்ஜின் ஓடியது.

மேட்டூரில் திறந்த தண்ணி நம்ம கடைமடைக்கு வரலைன்னா எங்கே அடைப்புன்னு ஒவ்வொரு மதகாகப் பார்ப்போம் இல்லையா? இதுவும் அதேதான். டேங்க், திருகு குழாய், வடிகட்டிக் கிண்ணம், ரப்பர் டியூப், கடைசியில் கார்புரேட்டர்.

இன்ஜின் ஆறினபிறகு, பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் இல்லாமல், பிளக் ஒயரைக் கழற்றி வையுங்க. கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிங்க. பெட்ரோல் தடையில்லாமல் ஒழுகினால் டேங்க் பக்கம் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியைக் கழுவுங்க. வாயால் உறிஞ்சவே கூடாது. டம்ளரைக் கொஞ்ச நேரம் வையுங்க. அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணி. இப்போ பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஊறிப் போன டியூபை மாற்றிவிடுங்க, செலவு கொஞ்சம்தான்.

இனி கார்புரேட்டர். அதன் அடிக் கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு, மேல்தொட்டியில் தண்ணி நிரம்பினால் மூடிக்கொள்ளும் மிதவை மாதிரி. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். ஊசியில் தூசி மாட்டினால் மூடாது. பெட்ரோல் வழியும், கரும்புகை வரும், பிளக் நனையும். (காற்று வடிகட்டி தூசி அடைத்தாலும் கரும்புகைதான், அதையும் தட்டிப் பாருங்க.) சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நின்றால் ஜெட் என்ற பித்தளைத் துளையில் அடைப்பு என்று சந்தேகப்படலாம். அதைக் கழற்றி சைக்கிள் பம்பால் காற்றடியுங்க. சேஃப்டி பின்னால் குத்தாதீங்க! துளை பெரிசானால் பெட்ரோல் தாராளமாகக் குடிக்கும். கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரிப்பது நல்லது. எங்க ஜெட் ஒருமுறை சேற்றில் விழுந்து, மூணு பேர் அரை நாள் தேடினோம்.

டீசல் இன்ஜினுக்கு கார்புரேட்டர் கிடையாது. அதில் காற்று மாட்டிக்கொள்வதே பெரும் தொல்லை, அது தனிப் பாடம்.

வேலை முடிந்து பல வாரம் சும்மா வைப்பதானால், திருகு குழாயை மூடிவிட்டு, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்க. கிண்ணத்தில் பெட்ரோல் தங்கிப் பிசினாகாது. வாடகைக்குக் கொடுத்து வாங்கும்போதும் குழு நோட்டில் இதைச் செய்தாச்சான்னு எழுதி வைக்கிறோம்.