செங்கல் இல்லாத இடத்தில் சிவில் மாணவனுக்கு என்ன வேலை?

மண்டகப்பட்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பருவத்தில் உங்கள் துறை நடத்தப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். ஒரு கெஸ்ட் லெக்சர், இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், சர்வே கேம்ப், இன்பிளான்ட் டிரெய்னிங், கடைசியில் எங்கள் ஊர்க் குடைவரைக்கு ஒரு நாள் பயணம். "மற்றதெல்லாம் சரிங்க ஐயா, சிமென்டும் கம்பியும் இல்லாத ஒரு குகையில் எங்களுக்கு என்ன பயிற்சி கிடைக்கும்? அது வரலாற்றுத் துறைக்காரர்கள் போகவேண்டிய இடம்தானே?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எனக்குக் கோபம் வருவது எதில் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே பேருந்துகளில் மாணவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இறங்கியதும் பேனரை விரிக்கிறார்கள். ஜியோடேக் விழும்படி போட்டோ எடுக்கிறார்கள். வருகைப் பதிவு முடிகிறது. கால் மணி நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். துறையின் ஃபைலில் "மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்" என்று ஒரு வரி ஏறுகிறது. என்ன பயன் அடைந்தார்கள், எதை அளந்தார்கள், எந்தக் கேள்வியோடு திரும்பினார்கள் என்பது எங்கும் இருக்காது. நிகழ்ச்சி நடந்ததற்குச் சாட்சி உண்டு, பயிற்சி நடந்ததற்குச் சாட்சி இல்லை. கெஸ்ட் லெக்சரிலும் இதுதான் கதை. நாற்பது வருடம் அணையும் பாலமும் கட்டிய ஒருவரை மேடையில் உட்கார வைத்துவிட்டு, "சார், ஸ்டார்ட்டிங் சேலரி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு அனுப்புகிறோம்.

நம் மாநிலத்தில் பொறியியல் கல்வி தொடங்கியதே களத்தில்தான். 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 8 சிறுவர்கள். நிலத்தை அளப்பதுதான் அவர்களுக்குப் பாடம். 1802இல் சர்வேயர் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீள்வதையும் கணக்கில் எடுத்தார். உங்கள் சர்வே கேம்ப்பில் டோட்டல் ஸ்டேஷன் தானே எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தந்துவிடும். தரட்டும். ஆனால் டிராவர்ஸ் மூடாமல் பிழை வந்தால், அது எந்த நிலையத்தில் நுழைந்தது என்று தேடிப் பிடி. பக்கத்துக் குழுவின் எண்ணைப் பார்த்துச் சரிக்கட்டுவதைப் போன்ற கேடு வேறில்லை.

இனி மண்டகப்பட்டுக்கு வருகிறேன்.

ஒரு பாறையின் முகத்தில் வெட்டிய மண்டபம் இது. முகப்பில் நடுவே இரண்டு முழுத்தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத்தூண்கள், இருபுறமும் துவாரபாலகர்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் இன்று காலி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தது. கிரந்த எழுத்தில், வடமொழியில், சிறிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விசித்திரசித்தன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) என்ற அரசன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மன், சிவன், திருமால் மூவருக்கும் லக்ஷிதாயதனம் என்ற இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் சாரம்.

இந்தக் கல்வெட்டை வைத்துக்கொண்டு, உலோகமே தொடாமல் குடைந்த அதிசயம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்லூரி விழா மேடையிலேயே கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதே. இரும்பு உளி இல்லாமல் இந்தக் கருங்கல்லை இப்படிக் குடைந்திருக்க முடியாது. கோயிலின் உடம்பில் ஆணியாகவோ பட்டையாகவோ உலோகம் சேரவில்லை என்பதுதான் அரசன் சொன்னது. கருவி வேறு, பொருள் வேறு. இந்த வேறுபாடு தெரியாதவன் ஒப்பந்தப் புள்ளியில் பொருள் பட்டியலைக்கூட ஒழுங்காகப் படிக்க மாட்டான்.

இப்போது நீ பொறியாளனாகப் பார். தூணுக்குத் தூண் இடைவெளி என்ன, அதற்கு மேலே பாறை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிடு. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000 விதிநூலின் 29ஆவது பிரிவை நினைவுபடுத்திக்கொள். நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம் தனித்துத் தாங்கிய உத்திரத்தில் 2.0க்கும், தொடர் உத்திரத்தில் 2.5க்கும் கீழே போனால் அது டீப் பீம். சாதாரண உத்திரத்துக்குப் போடும் வளைவுக் கணக்கு அங்கே செல்லாது. சுமை வளைவு போட்டு நேராகத் தாங்கிகளுக்கு இறங்கிவிடும். இந்த முகப்பு எந்த வகையில் சேர்கிறது என்று கண்டுபிடித்து எழுது. வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டுப் புரியாத பிரிவு, பாறைக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

அடுத்து தூண். நான் பல வருடம் யோசித்த விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படி. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. தடித்த, குட்டையான தூண். ஏன் இவ்வளவு தடிமன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே 5 மீட்டர் பாறை இருப்பதாக வைத்துக்கொள். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 26 கிலோ நியூட்டன். ஆகச் சதுர மீட்டருக்கு 130 கிலோ நியூட்டன். ஒரு தூண், தன் பரப்பைப் போல ஆறு மடங்கு கூரையைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டாலும் தூணில் சதுர மீட்டருக்கு 780 கிலோ நியூட்டன், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 0.78 நியூட்டன். நல்ல கருங்கல் 100 நியூட்டனுக்கு மேலும் அமுக்கம் தாங்கும். உங்கள் லேபில் 28ஆம் நாள் உடைக்கும் எம்-25 கான்கிரீட் கியூபை நினைத்துப் பார். சுமைக்காக இந்தத் தடிமன் தேவையே இல்லை.

அப்படியானால் எதற்காக? என் முடிவு இது: தடிமன் சுமைக்காக வைத்ததல்ல, வேலைக்காக வைத்தது. அடுக்கிக் கட்டும் கட்டடத்தில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே உளி தவறி ஒரு தூண் பிளந்தால் மாற்றுத் தூண் கிடையாது. பாறைக்குள் எங்கே விரிசல் ஓடுகிறது என்று வெட்டும்வரை தெரியாது. ஒவ்வொரு அடியும் மிஞ்சி நிற்கும் கல்லை அதிர வைக்கும். குடைவதில் அனுபவம் சேராத ஒரு தலைமுறை, தனக்குத் தெரியாதவற்றுக்கெல்லாம் சேர்த்துத் தூணில் இடம் விட்டிருக்கிறது. அதுதான் பாதுகாப்புக் காரணி. பிறகு மாமல்லபுரத்துக்குப் போய்ப் பார். சில தலைமுறைக்குள் தூண் மெலிந்துவிடுகிறது, அடியில் சிங்கம் உட்கார்ந்து தாங்குகிறது. கல் மாறவில்லை, கருவியும் பெரிதாக மாறியிருக்காது. கைக்கு வந்த நம்பிக்கைதான் மாறியது. நீ எழுதும் கணக்கில் 1.5 என்று பழக்கத்தில் போடுகிறாயே, அந்த எண்ணுக்குப் பின்னால் இதே பயமும் இதே அனுபவமும்தான் இருக்கின்றன.

தூணின் தலையில் போதிகையைக் கவனி. மரக் கட்டடத்தில் உத்திரத்தின் நீளத்தைக் குறைக்கப் போதிகை வேண்டும். இங்கே தூண், போதிகை, உத்திரம், கூரை எல்லாம் ஒரே கல். இணைப்பே இல்லாத இடத்தில் இணைப்புக்கான உறுப்பு எதற்கு? நடுவில் எட்டுப் பட்டை போடுவதும் தச்சன் மரத்தூணின் மூலைகளைச் செதுக்கித் தள்ளும் வழக்கம். மரம் இல்லாமல் செய்தேன் என்று அரசன் எழுதிவைத்தான். ஆனால் அவனுடைய சிற்பிகளின் கை மரத்தை மறக்கவில்லை. புதுப் பொருள் வந்தாலும் பழைய வடிவம் கொஞ்ச காலம் கூடவே வரும். கான்கிரீட் வந்த புதிதிலும் உலகம் முழுக்க இதுதான் நடந்தது. கே.ஆர். சீனிவாசன் பல்லவக் குடைவரைகளைப் பற்றி எழுதி 1964இல் தொல்லியல் துறை வெளியிட்ட ஆங்கில நூல் ஒன்று உண்டு. என் மேசையில் எப்போதும் இருப்பது. ஒவ்வொரு தூணின் அளவையும் விடாமல் குறித்திருப்பார். பொறியாளர் அல்லாத ஒருவர் அளந்த அளவுக்கு நம் துறையில் யாரும் இந்த இடங்களை அளக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலை வரிசை. கட்டும்போது கீழிருந்து மேலே போகிறோம். குடையும்போது மேலிருந்து கீழே வரவேண்டும். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்த்தால் மேல்பகுதி உருவாகியிருக்கும், அடிப்பகுதி வெறும் பாறையாக நிற்கும். முடியாமல் விட்ட குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையில் பள்ளக் கோடு இழுத்து, நடுவில் நிற்கும் துண்டுகளை உடைத்தெடுத்த தடயம் அப்படியே இருக்கிறது. எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்ற அறிவு இல்லாவிட்டால் கூரை தலையில் விழும். இன்று மலையில் சுரங்கப்பாதை போடுகிறவர்களுக்கும் இதுதான் பாடம்.

உனக்கும் இதுதான். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஏதாவது ஒரு சைட்டுக்குப் போவாய். அங்கே கம்பி கட்டுவதையும் ரெடிமிக்ஸ் ஊற்றுவதையும் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். சென்டரிங் பிரிக்கும் நாளன்று ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீ அன்றைக்குத் தவறாமல் போ. 4.5 மீட்டர்வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திரத்துக்கு 6 மீட்டர்வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இந்த எண்கள் உனக்குத் தெரியும். இருபுறமும் தாங்கிய தளத்தில் நடு முட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போகவேண்டும், வெளியே நீட்டிய சன்ஷேடிலும் பால்கனியிலும் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும் என்பதை மேஸ்திரி வாயால் கேள், கண்ணால் பார். முட்டுகளை உருவும்போது சுமை எப்படி இடம் மாறுகிறது என்று யோசித்துக்கொண்டே பார். பாறையைக் குடைந்தவனும் முட்டுகளைப் பிரிப்பவனும் செய்வது ஒரே காரியம்: தாங்கிக்கொண்டிருப்பதை எடுக்கிறார்கள், மிஞ்சுவது நிற்கவேண்டும்.

உங்கள் கோ-ஆர்டினேட்டரிடம் ஒன்று சொல். இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் மூணாறுக்கும் ஊட்டிக்கும் பேருந்து எடுக்கும் பணத்தில், இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஒரு முழு நாள் பாடம் நடத்தலாம். காலையில் மண்டகப்பட்டு, அங்கே குடைந்த கல். பிறகு பனமலை, அங்கே பல்லவன் ராஜசிம்மன் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. மதியத்துக்கு மேல் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கூட்டம் அதிகம், ஆனால் கூட்டம் பார்க்காதவை நிறைய உண்டு. களஞ்சியங்களின் வளைகூரை பக்கவாட்டில் தள்ளும் விசையைச் சுவர் எப்படி வாங்குகிறது என்று பார்க்கச் சொல். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாட்டை மட்டம் எடுக்கச் சொல். ஆன் டூட்டி வாங்கிக்கொண்டு கோட்டை உச்சியில் செல்ஃபி எடுக்கிறவனுக்கு இதில் எதுவும் கிடைக்காது. அவனை அழைத்து வராதீர்கள் என்றே சொல்வேன்.

இங்கே வரும்போது அளவு நாடா, லேசர் டிஸ்டன்ஸ் மீட்டர், குறிப்புப் புத்தகம் கொண்டு வா. பாதுகாக்கப்பட்ட சின்னம் இது. தூணில் சாக்பீஸ் கோடு போடக்கூடாது, கல்வெட்டைத் தடவக்கூடாது, காவலரிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் அளக்கவேண்டும். தூணின் பக்கம், உயரம், இடைவெளி, கண்ணுக்குத் தெரியும் விரிசல்களின் திசை, மழைநீர் பாறை முகத்தில் எந்த வழியாக வடிகிறது, இவற்றைப் படம் வரைந்து குறி. என் தடிமன் கருத்து தவறு என்று உன் அளவுகள் காட்டினால் தயங்காமல் அதையும் எழுது.

சர்டிஃபிகேட்டைத் துறையில் வாங்கிக்கொள். குறிப்புப் புத்தகத்தை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்