செயற்கை நுண்ணறிவு முகவருக்குக் கருவி விவரணம் எழுதுதல்

மென்பொருள் முகவர், கருவியின் பெயர், விவரணம், உள்ளீடுகள் ஆகியவற்றை வாசித்தே எதைப் பயன்படுத்துவது எனத் தெரிவு செய்யும். 2024 நவம்பரில் வெளியான மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோலிலும் இவை இடம்பெறும்.

குறைபாடுடையது: "காற்றைத் தரும்."

திருத்தியது: "மன்னார் மாவட்டக் கரையோரத்தின் அடுத்த 24 மணித்தியாலக் காற்று வேக எதிர்வுகூறலைத் தரும். உள்ளீடு: இடப்பெயர். அலகு: நொட். அலை உயரம் தராது. தரவு கிடைக்காவிடின் 'தரவு இல்லை' எனத் தெரிவிக்கும்."

விளக்கம்: 25 நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீற்றர். அலகு குறிப்பிடப்படாவிடின், முகவர் அதனை 25 கிலோமீற்றராகக் கருதி "கடலுக்குப் போகலாம்" எனக் கூறக்கூடும். தேவன்பிட்டியில் படகு இறக்குபவரின் உயிர் அவ்விடையில் தங்கியிருக்கலாம்.

நினைவிற் கொள்க: செய்வது, செய்யாதது, உள்ளீடு, அலகு, தரவின்மை.

பயிற்சி: "பஸ் நேரம் தரும்" என்பதை வெள்ளாங்குளம் – மன்னார் பயணத்திற்கேற்பத் திருத்தி எழுதுக.