மூரில் வீடு வாங்கும் மாப்பிள்ளைக்கு



வீட்டுப் படங்கள் வந்தன. சமையலறை நன்றாக இருக்கிறது, கொல்லைப்புறமும் தாராளம். ஆனால் கிரானைட் மேடையைப் பற்றி நாலு பத்தி எழுதியவன், டொர்னேடோ ஷெல்டரை ஒரே வரியில் முடித்துவிட்டாய்: "கராஜ் தரைக்குள் ஒன்று போட்டுவிடலாம், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்." அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

ஓக்லஹோமாவில் எத்தனையோ ஊர் இருக்க, நீ மூரைப் பிடித்திருக்கிறாய். 1999 மே 3 அன்று அந்தப் பக்கம் வந்த டொர்னேடோவில் நடமாடும் ரேடார் அளந்த காற்றின் வேகம் மணிக்கு 300 மைலை ஒட்டியது. 2013 மே 20 அன்று மறுபடியும் அதே ஊர். 24 பேர் செத்தார்கள். அதில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். அந்தப் பள்ளியில் ஷெல்டர் கிடையாது. அடுத்த ஆண்டே, புது வீடுகள் 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும் என்று மூர் நகராட்சி விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். உன் வீடு அதற்கு முன் கட்டியதா பின் கட்டியதா என்று பார்த்துக்கொள். ஆனாலும் 200 மைலைத் தாண்டும் ஈஎஃப்5, அதாவது உச்ச வகை டொர்னேடோ, வந்தால் அந்த வீடும் நிற்காது. ஆள் பிழைக்கத் தனி அறை வேண்டும்.

பூமிக்குள்ளா, மேலேயா? அங்கே எவரைக் கேட்டாலும் உள்ளேதான் என்பார்கள். பூமிக்கு மேலே இருப்பது எதுவும் தப்பாது என்று பல வருடம் சொல்லிச் சொல்லி அது ஊர் நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. அந்தப் பயத்தின் விலை 2013 மே 31 அன்று எல் ரீனோ டொர்னேடோ வந்தபோது தெரிந்தது. இரண்டரை மைலுக்கு மேல் அகலம். ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு ஓட, நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. மழைநீர் வடிகாலுக்குள் பதுங்கியவர்களைக் கொஞ்ச நேரத்தில் வந்த வெள்ளம் கொண்டுபோனது.

முறையாகச் சோதித்துக் கட்டிய தரைமேல் அறைகள் 2013இல் மூரிலேயே நின்றன. சுற்றி வீடு துடைத்துவிட்ட மாதிரி போயிருக்க, தரைக் கான்கிரீட் ஸ்லாபின் மேல் அந்த இரும்புப் பெட்டி மட்டும் இருந்தது. டெக்சாஸில் லபக் நகரம் 1970இல் டொர்னேடோவில் அடிபட்ட பிறகு, அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் இந்த ஆராய்ச்சியில் இறங்கியது. அங்கே காற்றழுத்தப் பீரங்கி ஒன்று இருக்கிறது. 15 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவர்மேல் எறியும். கதவின் தாழ்ப்பாள் பக்கமும் கீல் பக்கமும் குறிவைத்து அடிப்பார்கள். பொதுவாகச் சுவர் தாங்கிவிடும், கதவுதான் விட்டுக்கொடுக்கும். அதனால் மூன்று கீல், மூன்று தாழ், கனத்த இரும்புத் தகடு, அதற்கேற்ற நிலை எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகச் சோதித்த கதவா என்று கேள். செலவைக் குறைக்கக் கடையில் விற்கும் இரும்புக் கதவை மாட்டித் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவனிடம் மேற்கொண்டு பேசாதே.

"ஃபீமா அங்கீகாரம் பெற்றது" என்ற ஸ்டிக்கரையும் நம்பாதே. மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா எந்தக் கம்பெனி ஷெல்டருக்கும் அங்கீகாரம் தருவதில்லை, வழிகாட்டி நூல்கள்தான் வெளியிடுகிறது. நீ கேட்க வேண்டியது ஷெல்டர்களுக்கான ஐசிசி 500 தரப்படி அந்த மாடலுக்கே நடந்த சோதனை அறிக்கை. உங்கள் வட்டாரத்துக்கு 250 மைல் காற்றை வைத்துத்தான் கணக்கு.

இனி அக்கா, அதாவது உன் அம்மா, விஷயம். நம்ம ஊர்க் கோடை வெயிலுக்குத் தப்பி ஏப்ரலில் அங்கே வந்து ஆறு மாதம் இருப்பதாகச் சொன்னாள். டொர்னேடோ அதிகம் வரும் மாதம் மே. கராஜ் ஷெல்டரை ஒருதரம் நேரில் இறங்கிப் பார். இரும்பு மூடியைத் தள்ளினால் குறுகலான வாய், ஏணி மாதிரி செங்குத்தான படிகள், மேலே கார் நின்றால் குனிந்து நுழைய வேண்டும், எண்ணெய் வாடை வேறு. எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே சராசரியாகப் பத்துப் பதின்மூன்று நிமிடம்தான். சில நாள் அதுவும் இருக்காது. முட்டி வலியோடு, ராத்திரி தூக்கக் கலக்கத்திலோ, நீ ஆபீசில் இருக்கும் ஒரு மத்தியானத்தில் தனியாகவோ, அவள் அதில் இறங்குவாளா? என் யோசனை, படுக்கையறையிலிருந்து படி ஏறாமல் இறங்காமல் போகக்கூடிய தரைமேல் அறை. கராஜ் மூலையிலேயே வைக்கலாம். தரக்கணக்குப்படி வீட்டு ஷெல்டரில் ஆளுக்கு 3 சதுர அடி போதும். நீ இரண்டு மடங்கு எடு, அக்காவுக்கு நாற்காலி போட வேண்டும்.

அதை ஸ்லாபில் போல்ட் அடித்துப் பொருத்துவார்கள். கான்கிரீட் கனம் எவ்வளவு, உள்ளே போஸ்ட் டென்ஷன் கேபிள் ஓடுகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். விறைப்பாக இழுத்து வைத்த கேபிள் அது. தெரியாமல் துளைத்தால் ஆளுக்கும் ஆபத்து, ஸ்லாபும் போச்சு. தரையை அறுத்துப் போடும் ஷெல்டருக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். கொல்லைப்புறத்தில் புதைக்கும் யோசனை வந்தால், தோண்டுமுன் 811க்கு அடித்து காஸ் குழாய்களையும் மின்கம்பிகளையும் அடையாளம் போடச் சொல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால், சரியாகக் கட்டி வைக்காத ஷெல்டர் வெற்றுக் குடம் மாதிரி மேலே மிதந்து வந்துவிடும்.

மாநிலத்தின் சூனர்சேஃப் குலுக்கல் இப்போதும் நடக்கிறதா என்று விசாரி; அதில் பெயர் விழுந்தால் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பெயர் விழுமுன் கட்டியதற்குக் கிடைக்காது. அக்கா வரும் வருடத்தில் அந்தக் குலுக்கலுக்காகக் காத்திருக்காதே.

படத்தில் உன் வேலிக்குப் பின்னால் மொபைல் ஹோம் பார்க் தெரிகிறது. டொர்னேடோவில் அதிகம் சாவது அந்த வீடுகளில் இருப்பவர்கள்தான். மினசோட்டாவில் பார்க் முதலாளி ஷெல்டரோ வெளியேறும் திட்டமோ வைத்தாக வேண்டும் என்று சட்டமே உண்டு. மூரில் நகராட்சிப் பொது ஷெல்டர் கிடையாது. அந்தப் பார்க்குக்கு ஒன்று வேண்டும் என்று நகர மன்றத்தில் பேச்சு வந்தால் போய் உட்கார். சதுர அடிக் கணக்கை அவர்களே போடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாவி யாரிடம் இருக்கும், சக்கர நாற்காலி நுழையுமா, நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பவரை என்ன செய்வது, இதையெல்லாம் நீ கேள். அதுவரை உன் அறையில் இரண்டு பேருக்கு இடம் கூட்டிப் போட்டால் என்ன?

போட்டு முடித்ததும் ஷெல்டர் இருக்கும் இடத்தை நகராட்சியில் பதிந்துவிடு. இடிபாடு மூடினால் தேடி வருவார்கள். உள்ளே ஒரு ஜாக்கி, விசில், சைக்கிள் ஹெல்மெட்கள், ஆளுக்கொரு ஜோடி ஷூ, அக்காவின் மாத்திரைகள். கழித்துப் போட்ட சாமான்களை அதில் அடுக்க ஆரம்பித்துவிடாதே, உன் வீட்டில் அதுதான் நடக்கும்.

சோதனை அறிக்கையையும் ஸ்லாப் வரைபடத்தையும் முன்பணம் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. கம்பெனிக்காரன் அவசரப்படுத்துவான். படுத்தட்டும்.

அன்புடன்,
மாமா